மின்சார வாகனங்கள் வந்தால் போக்குவரத்தின் காபன் குறைந்துவிடுமா?

குறையும், ஆனால் அது மட்டும் போதாது. மோட்டார் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் மின்கலம் வந்துவிட்டது, சரி, பாரத்தை என்ன செய்வது? அம்பாறை நெல் லொறியில்தான் போகிறது, வாழைச்சேனை மீன் ஐஸ் உருகுவதற்குள் கொழும்பு போய்ச் சேர இரவிரவாக டீசலில் ஓடுகிறது, உலகம் முழுக்க இதே கதைதான். சர்வதேசப் போக்குவரத்து மன்றம் 2021இல் கணித்தபடி, 2015ஐவிட 2050இல் பயணிகள் போக்குவரத்து 2.3 மடங்காகும், சரக்கு 2.6 மடங்காகும், நாடுகள் அன்று கொடுத்த வாக்குறுதிகள் முழுதாக நிறைவேறினாலும் காபனீரொட்சைட்டு 16 சதவீதம் கூடும். எஞ்சினில் மிச்சம் பிடிப்பதையெல்லாம் கூடிவரும் தேவை விழுங்கிவிடுகிறது. கப்பலும் விமானமும் இன்னும் கஷ்டம். மட்டக்களப்பு வரை தண்டவாளம் கிடக்கிறதே, முதலில் அந்த நெல்லையாவது ரயிலில் ஏற்ற வேண்டும்.