36ஆம் இடத்தில் ஒரு ஆல்பம்

வணக்கம் சார்,

ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதைப் படித்துவிட்டு, அவர்களுடைய 15 ஸ்டுடியோ ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டு முடித்தேன். கூடவே ஒரு எக்ஸெல் தாளில் ஆல்பத்தின் பெயர், வந்த வருடம், அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் அது தொட்ட உச்சம் என்று குறித்துக்கொண்டே வந்தேன். 1983இல் 36. 1991இல் 1. 2004இல் 13. வரைந்து பார்த்தால் ஒரு மலை மாதிரி ஏறி இறங்குகிறது. 1996க்குப் பிறகு அவர்கள் சரிந்துவிட்டார்கள் என்றுதானே இதற்கு அர்த்தம்? ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது 1998இல் வந்த 'அப்'. அது இறக்கத்தில் இருக்கிறது. தப்பு என் காதிலா, தாளிலா? என் தங்கை எதிலிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் காதில் தப்பில்லை. தாளில் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன: அதே ஆல்பம் பிரிட்டனில் எத்தனையாவது இடம் என்பது ஒன்று, அந்த வருடம் பட்டியலை எப்படி எண்ணினார்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் பாருங்கள், உங்கள் மலை கலைந்துவிடும்.

2004இன் 'அரவுண்ட் த சன்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 13. 1988இன் 'க்ரீன்' 12இல் நின்றதற்குப் பிறகு, முதல் பத்துக்கு வெளியே போன அவர்களுடைய முதல் ஆல்பம் அது. ஆனால் பிரிட்டனில் அதுதான் முதலிடம். 2001இன் 'ரிவீல்' அமெரிக்காவில் 6, பிரிட்டனில் 1. பிரிட்டன் கணக்கை மட்டும் வைத்து வரைந்தால் 1991 முதல் 2008 வரை ஏழு ஸ்டுடியோ ஆல்பங்கள் உச்சியில் இருக்கும். நடுவில் 'அப்' மட்டும் இரண்டாமிடம். இறக்கமே கிடையாது. அதற்காகப் பிரிட்டன் பட்டியல்தான் உண்மை என்று சொல்ல வரவில்லை. 'அரவுண்ட் த சன்' வந்த சில வருடங்கள் கழித்து, சலித்துப்போனவர்கள் வாசித்தது போல இருக்கிறது, கேட்க முடியவில்லை என்று கிட்டார் கலைஞர் பீட்டர் பக் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கும் அந்த ஆல்பத்தில் மனம் ஒட்டவில்லை. அது ஒரு நாட்டில் முதலிடம், இன்னொரு நாட்டில் பதின்மூன்று.

ஏன் இந்த வித்தியாசம்? தனிப்பாடல்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். பிரிட்டனில் அப்போது கடையில் விற்ற பிரதிகளை மட்டுமே எண்ணினார்கள். குழுவின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் முதல் வாரத்தில் போய் வாங்கிவிட்டால் போதும், பாட்டு மேலே வந்துவிடும். அமெரிக்காவின் தனிப்பாடல் பட்டியலான ஹாட் 100இல் விற்பனையோடு வானொலியில் எத்தனை முறை ஒலித்தது என்பதும் சேரும். 1996இல் 'ஈ-போ த லெட்டர்' என்றொரு பாட்டு. குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப் பாதி பேசுவது போல, கடிதம் வாசிப்பது போலப் பாடுவார், பின்னால் பாடகி பாட்டி ஸ்மித்தின் குரல் மெல்லப் படரும். கார் ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்காக எந்த வானொலி இதைப் போடும்? அமெரிக்காவில் 49, பிரிட்டனில் 4. பாட்டு ஒன்றுதான். ஒன்றில் ரசிகர்கள் காசு கொடுத்து ஓட்டுப் போட்டார்கள், மற்றதில் வானொலிக்காரர்களின் ஓட்டும் சேர்ந்தது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1998 டிசம்பர் வரை, கடையில் சிங்கிளாக விற்காத பாட்டு ஹாட் 100க்குள் நுழையவே முடியாது. 'ஆரஞ்ச் க்ரஷ்' அமெரிக்காவில் அப்படி விற்கப்படவில்லை. மாற்று ராக் பாடல்களுக்காக 1988 செப்டம்பரில் பில்போர்ட் தொடங்கிய தனிப் பட்டியலில் அது எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹாட் 100இலோ அதன் பெயரே கிடையாது. பட்டியலில் இல்லாத பாட்டை யாரும் கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் 1991. அந்த வருடம் மே மாதம் வரை, பில்போர்ட்காரர்கள் கடைகளைக் கேட்டு, எது நன்றாகப் போகிறது என்று அவர்கள் சொன்ன வரிசையை வைத்துத்தான் ஆல்பம் பட்டியலைத் தயாரித்தார்கள். கல்லாவில் நிற்பவரின் ஞாபகமும் விருப்பமும் அதில் கலந்திருக்கும். மே 25 தேதியிட்ட பட்டியலிலிருந்து, சவுண்ட்ஸ்கேன் முறையில், பார்கோடு வழியாக உண்மையில் விற்ற பிரதிகளை எண்ணத் தொடங்கினார்கள். பழைய முறையின் கடைசிப் பட்டியலில், மே 18 அன்று முதலிடத்தில் இருந்தது 'அவுட் ஆஃப் டைம்'. புதிய முறையின் முதல் வாரம் மைக்கேல் போல்டன் வந்தார். ஜூன் 1 அன்று மறுபடியும் 'அவுட் ஆஃப் டைம்'. ஆக, இரண்டு தராசிலும் நிறுத்துப் பார்த்து முதலிடம் வாங்கிய ஆல்பம் அது. அமெரிக்கப் பட்டியலில் 109 வாரம், பிரிட்டனில் 183 வாரம் இருந்தது. உங்கள் தாளில் அதற்கு வெறும் ஒரு '1' போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஆல்பத்தின் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டை நான் முதலில் பார்த்தேன், அப்புறம்தான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் கேபிள் வந்திருந்த சமயம். ஒரு அறை, வெளியே மழை. சன்னல் ஓரத்திலிருந்து பால் ஜாடி விழுந்து உடைகிறது. மற்றவர்கள் ஓடுகிறார்கள், பாடகர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நம் காலண்டர் சாமி படங்களைப் போல அலங்காரம் செய்த உருவங்கள் வருகின்றன. இது எங்கிருந்து வந்தது என்று திகைத்தேன். இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் என்று பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். தலைப்புக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் பொறுமையின் எல்லைக்கே போய்விட்டதைச் சொல்லும் வழக்கு அது. பாட்டு பிறந்த கதையும் எளிமையானது. பீட்டர் பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கி, டிவி பார்த்துக்கொண்டே பழகியிருக்கிறார், டேப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் போட்டுக் கேட்டால், தட்டுத்தடுமாறிய பயிற்சிக்கு நடுவே அந்த மெட்டு கிடக்கிறது. பல்லவி என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லாத, மாண்டலின் முன்னால் நிற்கும் பாட்டு, ஹாட் 100இல் நான்காம் இடம் வரை போனது. அதற்கு மேலே அவர்கள் போனதே இல்லை.

சரி, உங்கள் மலையின் ஏற்றத்துக்கு வருகிறேன். எனக்கு உச்சியைவிட அதுதான் முக்கியம். 36, 27, 28, 21, 10. 'மர்மர்', 'ரெக்கனிங்', 'ஃபேபிள்ஸ்', 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்', 'டாக்குமென்ட்'. 1983 முதல் 1987 வரை வருடத்துக்கு ஒன்று. ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில், 1980 ஏப்ரல் 5 அன்று, பாழடைந்த ஒரு தேவாலயத்தில் நண்பரின் பிறந்தநாளுக்காக முதன்முதலில் வாசித்த நான்கு பேர். ஒரு வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். கல்லூரி வானொலிகள் அவர்களைத் தூக்கிப் பிடித்தன. 'மர்மர்' ஆல்பத்தில் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று பாதி இடங்களில் புரியாது. கிட்டாரின் தனித்தனி நரம்பொலிக்குள்ளே குரல் அமிழ்ந்து கிடக்கும். அட்டையில் குட்ஸு கொடி மூடிய நிலம். அதில் வந்த 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' தட்டுத்தடுமாறி 78ஐத் தொட்டது. அந்த வருடம் கடைகளில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆட்சி. ஆனாலும் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது 36ஆம் இடத்தில் இருந்த 'மர்மர்' ஆல்பத்தைத்தான்.

இப்போது 'அப்'. அது அமெரிக்காவில் 3. இதை எப்படிச் சரிவு என்பது? ஆனால் அந்த ஆல்பத்தில் ஒரு இழப்பு இருக்கிறது, அதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் டிரம்மர் பில் பெர்ரிக்கு மூளையில் ரத்தநாளம் வெடித்தது. பிழைத்து வந்தார், திரும்ப வாசிக்கவும் செய்தார். 1997இல் விலகினார். நான் போனால் குழு கலைந்துவிடும் என்றால் போகமாட்டேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். இந்தக் குழுவில் எந்தப் பாட்டை யார் எழுதினாலும் நான்கு பேரின் பெயரும் போடுவார்கள். அதனால் வெளியே இருப்பவர்களுக்கு, போனது ஒரு டிரம்மர் என்றுதான் தோன்றியது. 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்', 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' இரண்டுக்கும் அடித்தளம் போட்டது பெர்ரி. போனவர் ஒரு இசையமைப்பாளர்.

'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' ஹாட் 100இல் 29, பிரிட்டனில் 7. 2010இல் ஹைட்டி நிலநடுக்க நிவாரணத்துக்காகப் பலர் சேர்ந்து அதைப் பாடி வெளியிட்டபோது பிரிட்டனில் முதலிடம் வந்தது. உரிமைத் தொகை வேண்டாம் என்று ஆர்.இ.எம். குழுவினர் விட்டுக்கொடுத்தார்கள்.

மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடப் பழக வேண்டும், அவ்வளவுதான் என்ற பொருளில் ஸ்டைப் சொன்னார். 'அப்' அந்தப் பழகல். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரத் தாளம், சில இடங்களில் வெறும் மூச்சளவு ஒலி. அந்த ஆல்பத்தில்தான் முதன்முறையாகப் பாடல் வரிகளை முழுதாக அச்சிட்டார்கள். 'மர்மர்' கேட்டுவிட்டு அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. 'டேஸ்லீப்பர்' பாட்டைக் கேளுங்கள், இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் ஒருவரின் பாட்டு. ஹாட் 100இல் 57. பிரிட்டனில் 6.

1994இன் 'மான்ஸ்டர்' இரண்டு நாடுகளிலும் முதலிடம். அதன் ஆரஞ்சு அட்டையை அமெரிக்காவின் பழைய சிடி கடைகளில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம் என்பார்கள். அவ்வளவு பேர் வாங்கி, அவ்வளவு பேர் விற்றிருக்கிறார்கள். வாங்கியதை மட்டும்தான் பட்டியல் எண்ணும்.

தங்கைக்கு 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' கொடுங்கள். 1992, அமெரிக்காவில் 2, பிரிட்டனில் 1. ஆனால் எண்ணைச் சொல்லாமல் கொடுங்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, கடைசிப் பாட்டு 'ஃபைண்ட் த ரிவர்' வரை எழுந்திருக்காமல் கேட்கட்டும். அதில் அவருக்கு மனம் ஒட்டினால் அடுத்தது 'மர்மர்', அதற்கு அடுத்து உங்கள் 'அப்'.