விதைப்பையில் ‘நரம்புச் சுருள்’: ஆபரேஷன் செய்தால் குழந்தை நிச்சயமா?

கேள்வி: எனக்கு வயது 33, மனைவிக்கு 29. திருமணமாகி மூன்றரை ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. மனைவிக்குச் செய்த பரிசோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு மில்லி விந்தில் 90 லட்சம் அணுக்களே இருக்கின்றன. இடது விதைப்பையில் நரம்பு சுருண்டிருப்பதாகவும், அது ‘வெரிகோசில்’ என்றும், ஆபரேஷன் தேவை என்றும் டாக்டர் சொல்கிறார். செய்தால் குழந்தை நிச்சயமா? ஆண்மை போய்விடுமா? வீட்டில் இதைச் சொல்லவில்லை. அம்மா என் மனைவியைத்தான் கோயில் கோயிலாக அழைத்துப் போகிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஆண்மை போகாது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தப் பயம்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. விறைப்புக்கான நரம்புகள் இருக்கும் பக்கமே இந்த அறுவை சிகிச்சை போவதில்லை.

நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது இங்கே உண்மையில் ரத்தக்குழாய். விரையிலிருந்து அசுத்த ரத்தத்தை மேலே கொண்டு போகும் சிரைகள் புடைத்துச் சுருண்டு, ரத்தம் தேங்குவதுதான் வெரிகோசில். இடப்பக்கச் சிரை நெடுந்தூரம் ஏறி, சிறுநீரகச் சிரையில் ஏறக்குறைய செங்கோணத்தில் போய்ச் சேர்கிறது. அதனால் பெரும்பாலும் இடது பக்கமே பாதிக்கப்படுகிறது. அணுக்கள் நன்றாக உருவாக, விரை உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தேங்கும் ரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது.

நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே இல்லாமல் தந்தையாகிறார்கள். ஆகவே ஸ்கேனில் தெரிந்தது என்பதற்காக மட்டும் யாரும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கக் கூடாது. உங்களை நிற்கவைத்து, மூச்சடக்கி முக்கச் சொல்லி, டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாரா? கைக்குத் தட்டுப்படும் வெரிகோசிலும், விந்துப் பரிசோதனையில் குறையும் சேர்ந்திருந்தால்தான் அறுவை சிகிச்சையால் பலன் உண்டு. ஒரே ஒரு பரிசோதனையை நம்பவும் வேண்டாம். காய்ச்சல் வந்துபோனால்கூட எண்ணிக்கை குறையும். சில வாரங்கள் விட்டு, இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து, மறுபடி கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் குறைந்தபட்ச அளவு மில்லிக்கு 1.6 கோடி. நீங்கள் அதற்குக் கீழே இருக்கிறீர்கள். ஆனால் 90 லட்சத்தோடு இயற்கையாகவே தந்தையானவர்களும் உண்டு.

அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால், மைக்ராஸ்கோப் வைத்துச் செய்பவரிடம் போங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். தொடையிடுக்கில் சிறு வெட்டுப் போட்டு, வீங்கிய சிரைகளை மட்டும் கட்டிவிடுவார்கள். விரைக்கு உயிர் கொடுக்கும் தமனியும் நிணநீர்க் குழாய்களும் நூல் போல மெல்லியவை. நிணநீர்க் குழாய்கள் அறுபட்டால் நீர் கோத்து ஓதம் வரும். தமனி போனால் விரையே சுருங்கலாம். பெரிதாக்கிப் பார்த்துச் செய்யும்போது இந்த ஆபத்தும், வெரிகோசில் திரும்ப வருவதும் மிகவும் குறைவு. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது.

குழந்தை நிச்சயமா? அப்படி யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். பத்தில் ஆறு, ஏழு பேருக்கு விந்தின் தரம் உயர்கிறது. ஆனால் ஓராண்டுக்குள் மனைவி இயற்கையாகக் கருத்தரிப்பது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மூன்றாம் மாதத்துக்கு முன்னால் பரிசோதித்து மனம் உடைய வேண்டாம். ஆறாம் மாதமும் ஒருமுறை பாருங்கள். உங்கள் மனைவிக்கு 29 வயதுதான் என்பதால் இப்படிக் காத்திருக்க உங்களால் முடியும். 37, 38 என்றால் நேராகச் செயற்கைக் கருத்தரிப்புக்குப் போவது பற்றி நானே பேசியிருப்பேன். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவி. மூன்றரை ஆண்டுகளாக, தன்னிடம் இல்லாத ஒரு குறைக்காக அவர் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார். அது உங்களுக்குத் தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன், அம்மாவிடம் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.