கேளுங்கள், சொல்கிறேன்: "துன் சம்பந்தனில் இறங்கி ஏமாந்தேன்!"

கேள்வி: மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் வந்திருந்தேன். லிட்டில் இந்தியா துன் சம்பந்தன் சாலையில்தானே என்று, மோனோரயிலில் 'துன் சம்பந்தன்' நிலையத்தில் இறங்கிவிட்டேன். பூக்கடையும் காணோம், புடவைக்கடையும் காணோம். தவறு என்னுடையதா?
– வாசகி, ஈப்போ

பதில்: இல்லைம்மா, பெயர் பண்ணிய கோளாறு. அந்த நிலையம் சாலையின் ஒரு கோடியில், கிள்ளான் ஆற்றுப் பக்கம் நிற்கிறது. கடைவீதிக்கு அடுத்த நிலையமான கே.எல். சென்ட்ரல்தான் வசதி. அதுவும் துன் சம்பந்தன் சாலையில்தான் இருக்கிறது என்பது வேடிக்கை!

கே.எல். சென்ட்ரல் என்ற பெயரை நம்பி ஏமாந்தவன் நான். 2003 ஆகஸ்ட் 31-இல் மோனோரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், அங்கே இறங்கினால் பெரிய ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. படியிறங்கி, சாலையைக் கடந்து, வெயிலோ மழையோ நடக்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அம்மாவை அப்படி நடத்திக் கூட்டிப் போனேன். கொட்டுகிற மழையில் குடையை முறுக்கு டின்னுக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் நனைந்தது அவர் கணக்கிலேயே இல்லை. 2014-இல் நடுவில் நூ சென்ட்ரல் பேரங்காடி வந்த பிறகுதான் நனையாமல் போய்ச் சேர முடிகிறது. கடைகளைத் தாண்டித்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். அது பணப்பைக்கு வந்த சோதனை.

கேள்வி: ஒற்றை உத்திரத்தின் மேல் ஓடுகிறதே, கவிழாதா?
– வாசகர், கிள்ளான்

பதில்: குதிரைமேல் ஆள் உட்காருவதுபோல, வண்டி கான்கிரீட் உத்திரத்தின் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டிருக்கிறது. மேலே ஓடும் டயர்கள் பாரத்தைச் சுமக்கும். பக்கவாட்டு டயர்கள் உத்திரத்தை அணைத்துப் பிடிக்கும். வளைவில் லேசாகச் சாயும்போது எனக்கும் வயிற்றைக் கலக்கும். ஜன்னலோரம் உட்காராதீர்கள்.

கேள்வி: "துன் சம்பந்தன்னா யாரு தாத்தா?" என்று பேரன் கேட்கிறான். நிலையத்தின் பெயர் என்றேன். முறைக்கிறான்.
– வாசகர், சிரம்பான்

பதில்: முறைக்கத்தான் செய்வான்! 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் வீ.தி. சம்பந்தன்; 'துன்' என்பது அவர் பட்டம். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், அமைச்சராகவும் இருந்தார். ஆனால் பேரனிடம் பதவிகளை அடுக்க வேண்டாம். தோட்டத் துண்டாடலைச் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போயிற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடும் போயிற்று. அப்போது, 1960-இல், சம்பந்தன் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பால்மரம் சீவுகிறவர்களே மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்றார். "கூலிக்காரன் தோட்டம் வாங்குறதாவது!" என்று சிரித்தவர்கள் உண்டு. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார்கள்.

என் தாத்தாவும் கட்டினார். அவருடைய பங்குப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அட்டையில் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கறை. ரப்பர்ப் பால் காய்ந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை.