சாம்சங் எழுத்தோடு நின்றுபோன போன்: ரீசெட் செய்யும் முன் லேப்டாப்பில் சொருகுங்கள்

கேள்வி: அப்பாவின் சாம்சங் 'ஏ' ரகக் கைப்பேசியை ராத்திரி சார்ஜில் போட்டோம். காலையில் சாம்சங் எழுத்து வருகிறது, அணைகிறது, மறுபடி அதே எழுத்து. கடையில், "ஃப்ளாஷ் அடிக்கணும், அதாவது மென்பொருளைப் புதுசா ஏத்தணும், உள்ளே உள்ளதெல்லாம் போயிடும்" என்கிறார்கள். தங்கையின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. வீட்டில் விண்டோஸ் லேப்டாப் உண்டு. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: செய்ய முடியும். ஆனால் லேப்டாப்பில் சொருகியதும் படங்கள் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் படங்களைக் குறியாக்கம் செய்துதான் சேமிக்கின்றன. போன் முழுதாக ஆன் ஆகி, அப்பா தன் பின் எண்ணைப் போட்ட பிறகே அவை திறக்கும். அதுவரை சிப்பைக் கழற்றிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. எதையும் அழிக்காமல் போனை ஒரே ஒரு தடவையாவது பூட்டுத்திரை வரை கொண்டுவந்துவிட்டால் போதும்.

முதலில் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். வங்கியின் ஓடிபி அதில் வரும். லேப்டாப்பில் அப்பாவின் கூகுள் கணக்கைத் திறந்து கூகுள் போட்டோஸைப் பாருங்கள். படங்கள் ஏற்கெனவே அங்கே ஏறியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது கேபிள். சாலையோரக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. நன்றாக வேலை செய்யும் வேறொரு போனைச் சொருகுங்கள். 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்ற தேர்வு வந்தால் கேபிள் சரி. பழுதான போனைச் சுவர்ச் சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். லேப்டாப்பின் பழைய யூஎஸ்பி துளை 0.5 ஆம்பியர்தான் தரும். காலியான பேட்டரிக்கு அது போதாது.

இனி ரிக்கவரி மெனு, அதாவது போன் முழுதாக ஆன் ஆகாதபோதும் அதைச் சரிசெய்ய உதவும் பட்டியல். ஆண்ட்ராய்டு 11 முதல் சாம்சங் போன்களில், பெரும்பாலும் கேபிள் கணினியில் இருந்தால்தான் இந்த மெனு திறக்கும். சார்ஜரில் சொருகிவிட்டு மணிக்கணக்காகப் பொத்தானை அழுத்திப் பலர் தோற்பது இதனால்தான். லேப்டாப்பில் சொருகிய நிலையில் ஒலி குறைப்புப் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். திரை கறுத்த நொடியில் விரலை ஒலி கூட்டும் பொத்தானுக்கு மாற்றுங்கள், பவரை விடாதீர்கள். எழுத்து வந்ததும் பவரை விட்டு, மெனு வரும்வரை ஒலிப் பொத்தானை மட்டும் பிடித்திருங்கள். இந்த விரல் மாற்றம் முதல் தடவையே சரியாக வராது.

மெனுவில் ஒலிப் பொத்தானால் மேலும் கீழும் நகரலாம், பவர் பொத்தானால் தேர்வு செய்யலாம். 'வைப் கேச் பார்ட்டிஷன்' தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும், படங்களைத் தொடாது. அதைச் செய்துவிட்டு 'ரீபூட் சிஸ்டம் நவ்' கொடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். பலன் இல்லையென்றால் மறுபடி உள்ளே போய் 'ரிப்பேர் ஆப்ஸ்' கொடுங்கள். அதுவும் தரவை அழிக்காது. அதே பட்டியலில் 'வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்' இருக்கும். அதைத் தேர்ந்து உறுதி செய்துவிட்டால் போனில் உள்ள படங்களுக்கு வழியே இல்லை.

பூட்டுத்திரை வந்தால் பின் எண்ணைப் போட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுத்து, கேமரா படங்கள் இருக்கும் 'டிசிஐஎம்' கோப்புறையை லேப்டாப்பில் முழுதாக நகலெடுங்கள். வாட்ஸ்அப் படங்கள் 'ஆண்ட்ராய்டு' கோப்புறைக்குள் 'மீடியா'வில் தனியாக இருக்கும். பிறகு மீதி இடத்தைப் பாருங்கள். நினைவகம் விளிம்புவரை நிரம்பியிருந்தாலும் போன் இப்படி எழுத்திலேயே சுழலும். குடும்பக் குழுக்களின் 'காலை வணக்கம்' படங்களும் வீடியோக்களும் அப்பாக்களின் போனை எப்படி நிரப்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அசையாவிட்டால்தான் ஃப்ளாஷ். அப்போதும் 'எல்லாம் போயிடும்' என்பது கட்டாயமில்லை. சாம்சங் மென்பொருள் தொகுப்பில் பிஎல், ஏபி, சிபி என்ற கோப்புகளோடு சிஎஸ்சி, ஹோம்_சிஎஸ்சி என்று இரண்டு வரும். சிஎஸ்சி போட்டால் தரவு அழியும். ஹோம்_சிஎஸ்சி தரவை வைத்துக்கொண்டே மென்பொருளை மாற்றும். கடைக்காரரிடம், "ஹோம்_சிஎஸ்சி போட்டு அடிங்க" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். உள்ளே இருப்பதைவிடப் பழைய பதிப்பைப் பெரும்பாலும் போன் ஏற்காது. அவர் தயங்கினால், ஈப்போவில் இதை வழக்கமாகச் செய்யும் கடையைத் தேடுவது மேல். நீங்களே செய்வதானால் மாலை இடிமழை நேரத்தில் தொடங்காதீர்கள். நடுவில் கேபிள் அசைந்தாலோ, பேட்டரி செத்த லேப்டாப்புக்குக் கரண்ட் போனாலோ மென்பொருள் அரைகுறையாக நின்றுவிடும். 'ஒரே கிளிக்கில் சரிசெய்யும்' என்று விற்கப்படும் மென்பொருள்களுக்கு நான் ஒரு ரிங்கிட்கூடத் தரமாட்டேன். அவை தரும் பயனில் பெரும்பகுதி, மேலே சொன்ன இலவசப் படிகளிலேயே இருக்கிறது.

ரீசெட் தவிர்க்க முடியாமல் போனால், அதற்கு முன் அப்பாவின் கூகுள் முகவரியும் கடவுச்சொல்லும் கையில் இருக்கட்டும். அழித்த பிறகு போன் பழைய கணக்கைத்தான் கேட்கும். போன் வாங்கிய அன்று கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்த கணக்கு என்றால், கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போன் பூட்டிக்கொள்ளும்.