தவறிய கேள்வியை அவசரமாக மூடாதீர்கள்

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இங்கிலாந்தில் வேலைக்குச் செல்ல ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறேன். ரீடிங் (வாசிப்பு) பகுதியில் ‘பேண்ட்’ எனப்படும் தர மதிப்பெண் 7 வேண்டும். டியூட்டி முடிந்து வந்து தினமும் ஒரு மாதிரித் தேர்வு எழுதி, தவறானவற்றுக்கு விளக்கமும் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் இரண்டு மாதங்களாக 40-க்கு 25-ஐத் தாண்டவில்லை. இன்னும் அதிகமாக எழுதிப் பார்க்க வேண்டுமா?
– வாசகி, தக்கலை

பதில்: வேண்டாம் சகோதரி, குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு மாதிரித் தேர்வுகள் போதும். மிச்ச நாட்களை அந்த இரண்டிலும் செய்த தவறுகளுக்குக் கொடுங்கள்.

‘படிக்கும்போது எல்லாம் புரிகிறது’ என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். விடை கையில் இருக்கும்போது யாருக்குத்தான் புரியாது? சரியான விடை ஏன் சரி என்று விளக்கம் சொல்லும். நீங்கள் ஏன் வேறொன்றைத் தேர்ந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அது உங்களுக்கு மட்டுமே தெரியும், அதுவும் மறுநாள் காலைக்குள் மறந்துபோகும்.

அதனால் திருத்தும் வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள். எந்தெந்த எண்கள் தவறு என்று மட்டும் அவர் குறிக்கட்டும். விடையைச் சொல்ல வேண்டாம். பிறகு கடிகாரம் பார்க்காமல் பத்திக்குத் திரும்புங்கள். எந்த வரியை நம்பி அந்த விடையை எழுதினீர்கள்? அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வரியே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அதன்பின் மீண்டும் விடையளியுங்கள். இப்போது சரியாக வந்தால், பெரும்பாலும் நேர நெருக்கடிதான் காரணம். மறுபடியும் தவறினால் வாசிப்பிலேயே ஏதோ பிசகு. விளக்கத்தை அப்போது திறந்தால் போதும்.

வரியே இல்லாமல் விடை எழுதுவது எப்படி நடக்கிறது என்பதற்கு நம் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கூற்றைக் கொடுத்து, பத்தியின்படி அது ட்ரூவா (சரி), ஃபால்ஸா (தவறு), நாட் கிவனா (பத்தியில் தகவல் இல்லை) என்று கேட்கும் கேள்விவகை உண்டல்லவா? ‘மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டப்பட்டது. பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் கால்வாய் நீரைக் கொண்டு செல்கிறது.’ பத்தியில் இவ்வளவுதான் இருக்கிறது என்று வையுங்கள். ‘பாலம் 1976-ல் கட்டப்பட்டது’ என்றால் ஃபால்ஸ், பத்தியே மறுக்கிறது. ‘ஆசியாவின் மிக உயரமான தொட்டிப்பாலங்களில் இதுவும் ஒன்று’ என்று கேட்டால்? நம் மாவட்டத்தில் பிறந்தவர் கை தானாக ட்ரூ என்று எழுதிவிடும். சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பெருமை அல்லவா! ஆனால் பத்தியில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. விடை நாட் கிவன்.

உங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன். மருந்து, தொற்று, தூக்கம் என்று பத்தி வந்தால் வார்டில் தினமும் பார்ப்பது முன்னால் வந்து நிற்கும். தவறான விடைகள் இத்தகைய பத்திகளில்தான் குவிகின்றனவா என்று பழைய தாள்களைப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, குருட்டாம்போக்கில் எழுதும் விடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வையுங்கள். அது சரியாகிப்போனாலும் தவறான விடைகளோடு சேர்த்தே ஆராயுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. மதிப்பெண் கிடைத்த கேள்வியைத் திரும்பிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஆனால் ஒரு நாள் 25, மறுநாள் 21 என்று ஊசலாட்டம் வருவது இவற்றால்தான்.

எழுத்துப்பிழை, இரண்டு சொல் கேட்ட இடத்தில் மூன்று சொல் எழுதுவது போன்றவற்றுக்கு ஆராய்ச்சி தேவையில்லை, கவனம் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

7-க்கு ஏறத்தாழ 30 விடைகள் சரியாக வேண்டும். கட்டணம் சிறிய தொகை அல்ல. அதனால் புதிய மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 32-ஐத் தொட்ட பிறகே தேதி பதிவு செய்யுங்கள்.