ராமநாதபுரம் கடலோரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

மாற்றலாகி மண்டபம் ஊருக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, கட்டணம் எப்படி, வரும்போதே தண்ணீரின் உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இயந்திரம் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இறுக மூடும் நல்ல தொட்டி ஒன்று வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

"தண்ணி எப்படி?" என்று எங்கள் பக்கம் யாரையாவது கேட்டால், "எந்தத் தண்ணி?" என்று திருப்பிக் கேட்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். காவிரி வராத நாளில் குடக்கணக்கில் வாங்கும் தண்ணீர். ஒரே வீட்டில் இப்படி மூன்று இருக்கும், ஒன்றை இன்னொன்றோடு கலக்க மாட்டோம்.

காவிரி எங்கே, மண்டபம் எங்கே என்று தோன்றும். திருச்சியை ஒட்டிய முத்தரசநல்லூரில் ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் கொடுத்துக்கொண்டு இங்கே வந்து சேருகிறது. 616 கோடி ரூபாயில் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. ஆற்றுத் தண்ணீர் என்பதால் உப்பு குறைவு, ஆற்று மணலே வடிகட்டித் தருவதால் தெளிவாகவும் இருக்கும், சுவையும் நன்றாக இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். உப்பு குறைந்த காவிரித் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால், ஒரு லிட்டர் பிடிக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புவீர்கள். வேறு எந்த ஊரில் செய்தாலும் பரவாயில்லை, இங்கே அது பாவம்.

அப்படியென்றால் சிக்கலே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது காவிரியில் இல்லை, கடைசித் தெருக் குழாயில் இருக்கிறது. தண்ணீர் தினமும் வராது. வராத நேரத்தில் குழாய் வெறுமையாகக் கிடக்கும்; எங்காவது இணைப்பு விட்டிருந்தால் சுற்றியிருக்கும் அழுக்கு நீர் உள்ளே கசியும். இதில் சிலர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். அது சட்டப்படி குற்றம், பிடித்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள். பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய தண்ணீர் போவது ஒருபுறம், அந்த உறிஞ்சலில் வெளி அழுக்கையும் சேர்த்து இழுத்துத் தெருவுக்கே ஊற்றுகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். அதனால் திறந்ததும் வரும் முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். குளோரின் வாடை லேசாக வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. வாடை போகப் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போதும். பிடித்த தண்ணீரை நான்கைந்து நாள் வைத்துக் குடிப்பதால் தொட்டி சுத்தம்தான் பெரிய விஷயம். கொசுவும் பாசியும் நுழையாத மூடி வேண்டும், மாதம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுங்கள்.

போர் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடுமா என்று சிலர் கேட்பதுண்டு. கிருமி சாகும், உப்பு போகாது. நீர் வற்ற வற்றக் கரிப்புதான் கூடும். இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று போர் போடுபவர் சொன்னாலும் நம்பாதீர்கள். கடலோர மணலில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் இருந்தால் கீழே சுமார் நாற்பது அடி இருக்கும். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் உப்பு அந்த நாற்பது அடியும் ஏறிவிடும். உச்சிப்புளி, தங்கச்சிமடம் மணலில் ஆழமில்லாத கிணறுகள் இனிப்பதும், தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் தோண்டிய குழியில் நல்ல நீர் ஊறுவதும் இதனால்தான்.

கட்டணம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாகக் கொண்டுவந்து தருகிறது. தெருவுக்குப் பிரித்துவிட்டுப் பணம் வசூலிப்பது பேரூராட்சியோ நகராட்சியோ. வீட்டுக்கு ஒரு விகிதம், கடைக்கு ஒரு விகிதம். புது இணைப்பு என்றால் டெபாசிட்டும் சாலை வெட்டும் செலவும் தனி, வீட்டுவரி ரசீது கேட்பார்கள். தெருவில் தண்ணீர் வராவிட்டால் முதலில் போக வேண்டியதும் உள்ளாட்சி அலுவலகத்துக்குத்தான். உண்மையில் கையைக் கடிப்பது வெளியே வாங்கும் தண்ணீர். இருபது லிட்டர் கேன் 35 ரூபாய் என்று வைத்து, இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் மாதம் 525 ரூபாய். குழாய்க் கட்டணம் அதில் சிறு பங்குதான். தள்ளுவண்டியில் குடம் குடமாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குழாய் எட்டாத ஏழை வீடுகள். லிட்டர் கணக்குப் பார்த்தால் அவர்கள்தான் எங்களைவிட அதிகம் கொடுக்கிறார்கள். இது பல வருடக் கோபம், விடுங்கள்.

கேன் வாங்கினால் மூடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கையடக்க டி.டி.எஸ். கருவி உப்பை மட்டும் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

வீடு பார்க்க வரும்போது வாடகையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: காவிரி இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, அதற்குத் தனித் தொட்டி உண்டா, இல்லை போர் தண்ணீரும் அதிலேயே விழுகிறதா. வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முன்பணம் கொடுத்துவிடாமல், பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.