வீட்டு ஒலிப்பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கி, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து வருகிறேன். பதிவின் தெளிவு மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் சற்றுப் பிந்தி வருவதால் தாளம் தப்புகிறது. ஒலியைக் கணினி சிறிது நேரம் சேர்த்துவைக்கும் பஃபரின் அளவைக் குறைத்தால் படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்கிறது. விலை கூடிய கருவிக்கு மாறுவதுதான் வழியா?

பதில்: மாற வேண்டாம். இப்போது கையில் இருக்கும் கருவியிலேயே இதற்கு வழி இருக்கிறது.

மைக்கில் நுழையும் குரல் எண்களாக மாறி, கணினியில் ஒரு பஃபர் நிறையும் வரை காத்திருந்து, மென்பொருளைக் கடந்து, வெளியே வரும் வழியில் இன்னொரு பஃபரிலும் காத்திருந்த பிறகுதான் உங்கள் காதை அடைகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் எண்கள்) என்ற வேகத்தில் 512 சாம்பிள் பஃபர் நிறைய ஏறத்தாழ 10.7 மில்லிநொடி ஆகும். போக, வர என்று கணக்கிட்டால் 21 மில்லிநொடிக்கு மேல். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்வதால், ஏழு மீட்டருக்கு அப்பால் இருந்து உங்கள் குரலை நீங்களே கேட்பதற்கு இது சமம். அதே குரல் மண்டை எலும்பின் வழியாக உடனுக்குடன் காதுக்குள் வந்துவிடுவதால், இரண்டும் மோதிக் குரல் குழாய்க்குள் பாடுவதுபோல் கேட்கிறது. நானும் தொடக்கத்தில் இதைத் தாங்க முடியாமல், ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கி வைத்துப் பாடினேன். அந்த இடைவெளி வழியாகக் கசிந்த தாள ஒலி மைக்கில் ஏறி, பின்னால் எவ்வளவு முயன்றும் அகலவில்லை.

பெரும்பாலான கருவிகளில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்றொரு பொத்தானோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் குரல் கணினிக்குள் சென்று திரும்பாமல் கருவியிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில் உங்கள் குரல் பதிவாகும் டிராக்கின் மானிட்டரை (அதன் ஒலியை ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதியை) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் குரல் இரட்டையாகக் கேட்கும். ரெவெர்ப் (கூடத்தில் பாடுவதுபோன்ற எதிரொலி) இல்லாமல் குரல் வறண்டு தெரிகிறது என்றால், மானிட்டரை அணைக்காமல், அந்த டிராக்கின் நேர்க்குரலை முற்றிலும் நீக்கி ரெவெர்ப் ஒலி மட்டும் வருமாறு அமையுங்கள். எதிரொலி இயல்பிலேயே பிந்தி வருவது என்பதால், அதில் சேரும் தாமதம் காதுக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். இப்படி அமைத்துக்கொண்டு பாடும்போது குரல் தானாகவே தளர்ந்து, சுருதியில் நிற்பதைக் காண்பீர்கள்.

இனி பஃபரைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. 512 இருந்தாலும் போதும், வெடிப்புச் சத்தமும் நிற்கும். கணினி வழியே ஒலிக்கும் கீபோர்டை வாசிக்கும்போது மட்டும் 128க்கு இறக்குங்கள். விண்டோஸ் பயன்படுத்துபவர் என்றால், அந்தக் கருவிக்கென்று அதன் நிறுவனம் வழங்கும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் மென்பொருளை நிறுவியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி எழுகிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஐந்து நொடி பதிவு செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். பதிவில் கீச்சொலி இல்லையென்றால், அது ஸ்பீக்கருக்குச் செல்லும் வழியில் மட்டும் நுழைகிறது. லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகி, இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறினால் அநேகமாக அடங்கிவிடும். சத்தத்தைப் போக்க பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

கேள்வி: மைக் ஒலியைப் பெருக்கும் கெயினை எந்த அளவுக்கு ஏற்றுவது?

பதில்: 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், மிக உரத்த இடத்தைப் பாடி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடுமாறு வையுங்கள். குறைவாகப் பதிவானதைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். சிவப்பு விளக்கு எரிந்து சிதைந்த குரலைப் பழையபடி மீட்க முடியாது. ஒத்திகையில் அடக்கிப் பாடி, உண்மையான பதிவில் உணர்ச்சி மேலிட்டு உரக்கப் பாடிவிடுவது எல்லோருக்கும் நேர்வதால், அளவு பார்க்கும்போதே முழுக் குரலையும் எடுத்துப் பாடுங்கள்.